சாக்கு நாய், சாட்டின் நாய்

நாய்கள் காதலித்துப் பாட்டுப் பாடுகிற படம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை. பார்த்தே ஆக வேண்டும் என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தார்கள் என்பதும் பொய். ஆபீசர் வீட்டு அம்மாக்கள் நாற்காலியில் இருந்தார்கள். நான் கழுத்தில் அளவு டேப்போடு கதவோரம் நின்றேன்.

எழுபதுகளின் கடைசி அது. நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் ஒரு துணிக்கடை வராந்தாவில் தையல் மெஷின் போட்டிருந்தேன். குடியிருந்தது பக்கத்தில் வடக்குத்தில், வாடகை வீடு. சொந்த ஊர் காடாம்புலியூர். ஆறாம் வகுப்பில் பாதியில் படிப்பை விட்டவன். கவலைப்படுவது எனக்கு இன்னொரு தொழில். துணியில் கத்தரி வைக்கும் முன் மூன்று முறை அளப்பேன், வைத்த பிறகு நாலாவது முறை அளந்து பயப்படுவேன். அப்படிப்பட்டவனைத்தான் ஆபீசர் வீட்டு அம்மாக்கள் நடத்திய மாதர் சங்கம் ஆண்டு விழா நாடகத்துக்கு உடை தைக்கக் கூப்பிட்டது. எங்கிருந்தோ ஒரு இங்கிலீஷ் கார்ட்டூன் படப்பெட்டி வரவழைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதையே பிள்ளைகளை வைத்து மேடையில் போட வேண்டும் என்று தோன்றிவிட்டது. உடை எப்படி இருக்க வேண்டும் என்று நான் தெரிந்துகொள்ள இரண்டாம் முறை ஓட்டினார்கள்.

கதை ஒன்றுமில்லை. வீட்டில் வளர்கிற பெண் நாய், தெருவில் திரிகிற ஆண் நாய், இரண்டுக்கும் காதல். வீட்டு நாய்க்குக் கழுத்தில் ரிப்பன். தெரு நாய்க்கு ஒரு காது மடங்கியிருந்தது. அது ஏழை என்பதற்கு அவ்வளவுதான் அடையாளம். சொறி இல்லை, உண்ணி இல்லை, விலா எலும்பு தெரியவில்லை. மழையில் ஒரு கூரைமேல் நின்று பாடுகிறது. வீட்டு நாய் ஜன்னலில் இருந்து அடுத்த அடியை எடுத்துப் பாடுகிறது. அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் கூடி நின்று பின்பாட்டு. பஜாரில் கறிக்கடைக்குப் பின்னால் வெந்நீர் ஊற்றப்பட்டு முதுகு வெந்து திரிகிற நாய்களைத் தினம் பார்க்கிற எனக்கு, இதைப் படம் போட்டவன் ஆயுசில் ஒரு தெரு நாயைக் கிட்டப்போய்ப் பார்த்திருக்க மாட்டான் என்று தோன்றியது.

அம்மாக்கள் அழுதார்கள். ஒருவருக்குக் கர்ச்சீப் போதாமல் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அந்தப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்தவன் நான். சாயம் போகுமோ என்று அப்போதும் எனக்குத்தான் கவலை.

விளக்கைப் போட்டதும் சங்கத் தலைவி என் பக்கம் திரும்பினார். அவருடைய வீட்டுக்காரர் டவுன்ஷிப்பில் பெரிய ஆபீசர். அவர் சொன்னால் குழாயில் தண்ணீர் வரும் என்பார்கள்.

"பாத்தீங்கல்ல டைலர்? அந்தத் தெரு நாய் டிரெஸ் மட்டும் தத்ரூபமா வரணும். கிழிசல் தெரியணும். ஆனா பாக்கறவங்களுக்கு அருவருப்பா இருக்கக் கூடாது."

"கிழிஞ்ச மாதிரி தைக்கிறங்க மேடம்."

"கிழிஞ்ச மாதிரி இல்ல. கிழிஞ்சிருக்கணும். ஆனா டீசன்ட்டா."

சரிங்க என்றேன். எல்லாவற்றுக்கும் அதுதான் என் பதில்.

பிறகு வேஷம் பிரித்தார்கள். அந்த ஊரில் குவார்ட்டர்ஸ் எப்படிப் பிரிப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். பதவிக்குத் தகுந்த வீடு, வீட்டுக்குத் தகுந்த தோட்டம். நாடகமும் அப்படியே. தலைவியின் மகள் வீட்டு நாய். அடுத்த பதவிக்காரர் பிள்ளைகள் பக்கத்து வீட்டு நாய்கள். அதற்கும் அடுத்தவர் பிள்ளைகள் பூனை, கிளி. புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்கள் வீட்டுப் பிள்ளைகள் மரம், மேகம். நிலாவுக்குக்கூட ஆள் இருந்தது. தெரு நாய்க்கு மட்டும் ஆள் இல்லை.

ஒரு அம்மா ஒத்துக்கொண்டு, மறுநாள் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வந்து மாட்டேன் என்றார். இன்னொரு அம்மா என் வராந்தாவுக்கே வந்து காதோடு பேசினார்.

"டைலர், தெரு நாய்னாலும் கழுத்துல ஒரு பட்டை இருக்கலாமில்ல? நல்ல லெதர்ல?"

"பட்டை இருந்தா அது வூட்டு நாய் ஆயிடுங்களே."

"தொலைஞ்சு போன வீட்டு நாய்னு வச்சுக்கலாம். அப்பன்னா என் பையன் போடுவான்."

வைத்துக்கொண்டோம். பட்டை தைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பட்டையோடு ஒரு வெல்வெட் கோட்டும் கேட்டார். நான் தலைவியிடம் போய்ச் சொன்னேன். பக்கத்து வீட்டு நாய்கள் நாலு, தலைவி மகள் ஒன்று, இப்போது இதுவும் சேர்ந்தால் மேடையில் ஆறு வீட்டு நாய்கள் நிற்கும், தெரு நாய் என்று யாரைக் காட்டுவது என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு அந்தப் பையனைக் கழற்றிவிட்டார். அவன் இரண்டாவது மேகம் ஆனான். வெல்வெட் கோட்டு அதற்கும் தேவைப்பட்டது.

இதையெல்லாம் நான் பீடி பிடிக்கிற நேரத்தில் மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் தலையில் விழும் வரைக்கும்.

எங்களுக்கு ஒரே மகள். வடக்குத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடிக்கப் போகிறாள். நல்ல குரல். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாட்டுக் குழுவோடு அவள் குவார்ட்டர்ஸ் தெருக்களில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவாள். தலைவி வீட்டு வாசலில் பாடியபோது அந்த அம்மாள் கேக் கொடுத்து, யார் பெண் என்று விசாரித்திருக்கிறார். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு கடைக்கே வந்தார்.

"உங்க பொண்ணு நல்லா பாடுமே டைலர். தெரு நாய் வேஷத்துக்கு அனுப்புங்களேன்."

 டவுன்ஷிப் முழுக்கத் தேடியும் தெரு நாய்க்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் எல்லைக்கு வெளியே, வடக்குத்தில் கிடைத்துவிட்டது.

"ஆறாவது எங்க சேக்கப் போறீங்க?" என்றார் அடுத்தது.

அங்கேதான் என் கழுத்து இருந்தது. நிலக்கரிக் கம்பெனி வேலையாட்களின் பிள்ளைகளுக்குப் போக இடமிருந்தால்தான் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் வெளியாட்களின் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். அதற்கும் ஒரு பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். அது கிடைக்காவிட்டால் குள்ளஞ்சாவடிப் பக்கம் பஸ் ஏறிப் போக வேண்டும். வயசுக்கு வரப்போகிற பெண்ணைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப என் மனைவி சம்மதிக்க மாட்டாள். ஆக, ஐந்தாவதோடு நின்றுபோவாள். நான் பாதி படித்த ஆறாவதுகூட அவளுக்குக் கிடைக்காது. ஒரு வருஷமாக எனக்குத் தூக்கம் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

"சார்கிட்ட நான் சொல்றேன். கையெழுத்து ஒரு விஷயமா," என்றார் தலைவி.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"அவுங்க பசங்கள்லாம் வூட்டு நாயி. நம்ம பொண்ணு தெரு நாயி. நல்லா பாத்துப் பாத்துத்தான் எடுத்துக்கினு வந்திருக்கீங்க."

"கதையில அதுதான் ஹீரோடி."

"ஹீரோவா இருந்தா இன்னாத்துக்கு உங்ககிட்ட வரானுங்க? அவனுங்களே போட்டுக்கினு போவ மாட்டானுங்க?"

"சீட்டு தரேன்றாங்க."

முறம் நின்றது.  மகளைக் கேட்டோம். அவளுக்கு ஒரே சந்தோஷம். பாட்டு எத்தனை என்று மட்டும் கேட்டாள். மூன்று என்றேன்.

அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்து மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்து, உடம்பில் அரிக்காமல் இருக்க உள்ளே கோராத் துணி கொடுத்துத் தைத்தேன். கிழிசலை என் கையாலேயே கிழித்து, மேலே பிரியாமல் ஓரம் அடித்தேன். காதுக்கு உள்ளே கேன்வாஸ். ஒன்று நிற்கும், ஒன்று மடங்கும். அவ்வளவு கவனமாக நான் கல்யாணப் பெண்ணுக்குக்கூட ஜாக்கெட் தைத்ததில்லை. சாக்கு நாய் தைத்ததில் பெருமைப்பட்ட ஒரே தையல்காரன் நானாகத்தான் இருப்பேன்.

ஒத்திகையில் மகள் வாயைத் திறந்ததும் அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கிலீஷ் மெட்டுக்கு யாரோ தமிழில் எழுதிக் கொடுத்த பாட்டு. நிலாவைப் பார்த்துத் தெரு நாய் பாடுகிற வரிகள் ஒன்றும் உருப்படி இல்லை. இருந்தாலும் அவள் பாடியபோது கேட்கும்படி இருந்தது. தலைவி மகளும் பாடினாள். அதைச் சொல்லாமல் விடுகிறேன், பத்து வயசுப் பிள்ளை.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் தலைவி புதிய யோசனையோடு வந்தார். கடைசிக் காட்சியில் இரண்டு நாய்களும் மாலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

"சாக்குத் தூசு எங்க பாப்பாவுக்கு ஒத்துக்காது டைலர். பக்கத்துல நின்னா தும்மல் வருது. அதனால கல்யாணத்துக்கு முன்னாடி தெரு நாயைக் குளிப்பாட்டற மாதிரி ஒரு சீன் வச்சிருக்கோம். சாக்கோட உள்ள போகும். சாட்டின்ல வெளிய வரும். வெள்ளை சாட்டின். நல்லா இருக்குமில்ல?"

மூன்று தண்ணீரில் அலசிய சாக்கு. நான் சரிங்க என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். என் மகளுக்குச் சாட்டின் உடுப்பு என்ற நினைப்பில் வெட்டினேன். வளர்கிற பிள்ளை என்று வழக்கம்போல உள்ளே ரெண்டு இஞ்ச் துணி விட்டு அடித்தேன். மகள் போட்டுப் பார்த்துவிட்டு வராந்தாவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். துணிக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

மறுநாள் தலைவி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். டெபுடி சீஃப் இன்ஜினியர் ஒருவரின் மகள். என் மகளைவிட நாலு விரல் உயரம்.

"இவளுக்கு அளவு எடுத்துக்குங்க. குளிச்சிட்டு வர்றது இவதான்."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். சினிமாவில் சின்ன வயசுக்கு ஒரு ஆள், வளர்ந்ததும் ஒரு ஆள் என்று வருவதில்லையா, அந்த மாதிரி. குளிப்பதற்கு முன்னால் உங்கள் பெண், குளித்த பிறகு டெபுடி பெண். மாலை மாற்றுகிற காட்சியை போட்டோ எடுத்து வீட்டில் மாட்டுவார்களாம். அதனால் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நல்லதாம்.

"இந்தப் பாப்பா பாடுமுங்களா?"

"அதான் சிக்கல். இவளுக்குச் சுருதியே நிக்கல. கடைசிப் பாட்டை உங்க பொண்ணே திரைக்குப் பின்னாடி நின்னு பாடட்டும். இவ வாயசைச்சுடுவா. குரல்தானே வேணும்."

என்னிடம் அப்போது கத்தரி இருந்தது, சாட்டின் என் மடியில் இருந்தது, வாயும் இருந்தது. சாட்டினைப் பிரித்தேன். வளர்ச்சிக்கு விட்ட இரண்டு இஞ்சும் அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் போயிற்று. எனக்கு எத்தனையோ பேர்மேல் கேவலமான எண்ணம் உண்டு. ஆனால் அந்த மத்தியானம் பிளேடால் தையலைக் கீறிக்கொண்டிருந்தவனைவிடக் கேவலமானவனை நான் பார்த்ததில்லை.

மகளிடம், இரண்டு வேஷம் மாற்ற நேரம் போதாதாம் என்று பொய் சொன்னேன். அவள், "ரெண்டு நிமிஷத்துல மாத்திடுவேம்ப்பா, பட்டன் பின்னாடிதான் இருக்குது," என்றாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

விழா திறந்த மேடையில். முன்னால் ஆபீசர்கள் நாற்காலியில். பின்னால் ஜமக்காளத்திலும் தரையிலும் ஷிப்ட் முடிந்து வந்த வேலைக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் ஊசி நூலோடு நின்றேன். எந்த வால் எப்போது கழன்று விழும் என்று பயம்.

சாக்கோடு என் மகள் வந்து முதல் பாட்டைப் பாடியதும் பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாம் பாட்டுக்கு விசில் வந்தது. பிறகு குளியல். ஒரு வெள்ளைப் படுதாவைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அவள் அதன் பின்னால் போனாள். மேகங்கள் இரண்டும் காகிதத் துண்டுகளைத் தண்ணீர் என்று இறைத்தன. படுதாவின் மறுபக்கத்திலிருந்து சாட்டினில் டெபுடி பெண் வந்தாள்.

பின் வரிசையில் ஒருவர் நிதானமாகக் கேட்டார்.

"இன்னாய்யா, குளிச்சா வளருமா?"

"இன்னா சோப்புன்னு கேட்டு வையி. நம்ம சின்னவன் குள்ளமா கீறான்."

"மொகமும் மாறிப்போச்சு மாமா. கலரு வேற."

"எல்லாம் இந்த ஊரு தண்ணி. வேல பர்மனென்ட் ஆனா எல்லாருக்கும் அப்படித்தான்."

சிரிப்பு பரவியது. முன் வரிசை திரும்பிப் பார்த்தது. அதற்குள் மகள் படுதாவுக்குப் பின்னால் மைக்கில் கல்யாணப் பாட்டைத் தொடங்கிவிட்டாள். டெபுடி பெண் வாயைத் திறந்து மூடினாள், குரலுக்கு ஒரு அடி பிந்தி.

அப்போதுதான் அது நடந்தது. மேடைக்குப் பின்புறம் ஒரு பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகள் அதற்கும் படுதாவுக்கும் நடுவில் நின்றிருந்தாள். தலையில் இருந்த நாய்க் காதுகளைக் கழற்றவில்லை. வெள்ளைப் படுதா முழுக்க அவள் நிழல் விழுந்தது. ஒரு காது நின்றது, ஒரு காது மடங்கியது. கையில் மைக். பாட, பாட, நிழலின் தாடை அசைந்தது. சாட்டின் நாயும் ரிப்பன் நாயும் அதன் முழங்கால் உயரத்தில் நின்று மாலையை வைத்துக்கொண்டு விழித்தன.

"அங்க பாருய்யா, பாடற நாயி அதோ கீது," என்று யாரோ சொன்னதும் பின்னால் இருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். முன்னால் தலைவி நாற்காலியில் இருந்து பாதி எழுந்து என்னைத்தான் பார்த்தார்.

கையெழுத்து இன்னும் ஆகவில்லை.

நான் ஓடினேன். மேடைக்குப் பின்னால் போய், விளக்கின் கம்பத்தைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினேன். சூடு கையில் ஏறியது. படுதா வெறும் துணி ஆயிற்று. கைதட்டல் கொஞ்ச நேரம் தள்ளாடி நின்றது. மகள் பாடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். தன் நிழல் எவ்வளவு பெரிதாக விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கைதட்டல் தனக்கு என்று தெரிந்தது, விளக்கைத் திருப்பியது அப்பா என்றும் தெரிந்தது. ஒரு சுருதிகூடப் பிசகாமல் முடித்தாள். மாலை மாற்றியதை போட்டோ எடுத்தார்கள்.

பதினைந்து நாளில் சீட்டு கிடைத்தது. தலைவி சொன்ன சொல் தவறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட காகிதத்தை வேலைக்காரம்மாவிடம் கொடுத்தனுப்பினார். கூடவே தைக்க இரண்டு ஜாக்கெட் துணி. நான் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஈரம் படக்கூடாது என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மகள் படித்துப் பார்த்தாள். மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"படிக்கப் போறேன்ப்பா. ஆனா அங்க பாட மாட்டேன்."

"சரிம்மா."

"யாரு கேட்டாலும் பாட மாட்டேன். நீ சொன்னாலும்."

"ஏன்டி, இன்னா ஆச்சு இப்ப?" என்று கேட்டேன், தெரியாதவன் மாதிரி. மனைவி உள்ளே இருந்து, "வெளக்கத் திருப்பனவரு கேக்கறாரு பாரு," என்றாள்.

அன்றிலிருந்து எனக்குப் புதிய கவலை. பாட்டுக்காகக் கொடுத்த இடம், பாடவில்லை என்றால் பிடுங்கிக்கொள்வார்களோ? ஒவ்வொரு வருஷமும் ஆண்டு விழா நெருங்கும்போது நாளை எண்ணுவேன். தலைவி வராந்தாப் பக்கம் வந்தால் தலையை மெஷினுக்குள் விட்டுக்கொள்வேன். கேட்டால் என்ன சொல்வது என்று பொய்களைத் தயாராக வைத்திருந்தேன். தொண்டையில் சதை. டாக்டர் பாடக் கூடாது என்றார். தொண்டை கட்டியிருக்கிறது. மகள் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது என்று போனாள். ஒருவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மட்டும் பெண்கள் பக்கமிருந்து அவள் குரல் வரும். நான் ஆண்கள் பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் பத்தாவது படிக்கும்போது ஒரு சாயங்காலம் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள், யூனிபார்மோடு. தலைவி ஜாக்கெட் அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். அளந்த அளவையே திரும்ப அளந்தேன். பொய் மூன்றும் மறந்துபோனது.

தலைவி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு டைலர், உங்க பொண்ணா? இவ்ளோ பெரிய பொண்ணு இருக்கா உங்களுக்கு?"

"ஆமாங்க மேடம்."

"என்ன படிக்குது?"

"பத்தாவதுங்க."

"பரவாயில்லையே. எந்த ஸ்கூல்?"

நான் யூனிபார்மைப் பார்த்தேன். அந்த அம்மாளையும் பார்த்தேன். ஐந்து வருஷம் நான் பயந்தது இவருக்காகவா என்று இருந்தது. மகள்தான் பதில் சொன்னாள், பள்ளிக்கூடத்தின் பெயரை முழுசாக, மரியாதையாக.

"நல்ல ஸ்கூலாச்சே, அங்க வெளியாளுக்கு இடமே கிடைக்காதே," என்றார் தலைவி. பிறகு என்னிடம், "கை கொஞ்சம் லூஸா வைங்க, போன தடவை பிடிச்சிடுச்சு," என்றார்.